பிளம் பூவின் இரண்டு இதழ்கள்

தியாகராசாவின் வலக்கை நடுங்கத் தொடங்கி எட்டு மாதமாகியிருந்தது. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஜெராட்டின் மரச்சாமான் திருத்தும் பட்டறையில் பத்தொன்பது வருசம் உளி பிடித்த கை. யாராவது பார்த்தால் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். நோயின் பெயர் மனைவி குணேஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும்.

மாசி மாதம் ஜெசிக்கா என்ற பெண் ஒரு மரத்தட்டம் கொண்டுவந்தாள். அவளுடைய தாய் கலியாணமாகி ஜப்பானிலிருந்து வந்தபோது கூடவே வந்தது. பைன் மரமும் மூங்கிலும் பிளம் கிளையும் செதுக்கி, கறுப்பு அரக்கின் மேல் சிவப்பு அரக்குப் பூசியிருந்தார்கள். ஹீற்றர் சூட்டில் மரம் காய்ந்து, பிளம் பூவில் இரண்டு இதழ்கள் பெயர்ந்துபோயிருந்தன.

"பைன் பனியிலும் பச்சையாக நிற்கும். மூங்கில் வளையும், முறியாது. பிளம் குளிர் போகமுதலே பூக்கும். எதையும் தாங்கு என்று அர்த்தம்," என்று பிரெஞ்சில் சொன்னாள் ஜெசிக்கா. "அம்மா ஆஸ்பத்திரியில் சாப்பிட மாட்டேன் என்கிறா. இதில் வைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவா."

ஜெராட் அரக்கு வேலை தெரிந்த வேறொருவரைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் தியாகராசா தட்டத்தை வாங்கிவிட்டார். தன்னால் இன்னும் முடியும் என்று ஒருதடவை பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது.

புது மரத்துண்டு ஒட்டி, முதல் இதழைச் செதுக்கினார். அச்சாய் வந்தது. மூன்றாம் நாள், இரண்டாவது இதழில் கை துள்ளியது. உளி பூவைக் கிழித்துக்கொண்டு மூங்கில்வரை ஓடியது. சிவப்பும் கறுப்பும் உரிந்து, வெறும் மரம் தெரிந்தது.

ஜெசிக்கா வந்ததும் அவரே சொன்னார். அவள் வெட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கண் நல்லாத் தெரியும்," என்று மட்டும் சொல்லி, தட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"எவ்வளவு நாளாக?" என்று கேட்டார் ஜெராட்.

"எட்டு மாதம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் உளியைத் தந்திருப்பீர்களோ?"

பொதி கட்டும் வேலை தரலாம் என்றார் ஜெராட். இறுக்கி முடிச்சுப் போடவும் அந்தக் கையால் முடியாது என்பதைத் தியாகராசா சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வெளியேறினார்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலிருந்த வீட்டின் கதவைத் திறந்த குணேஸ்வரி, "என்னப்பா, நேரத்தோட வந்திட்டியள்?" என்றாள்.

"பிழைச்சுப் போச்சு."

"கையோ?"

"ஓம்."

ஜாக்கெட் ஸிப்பை இழுக்க மூன்று தரம் முயன்றார். பிடிபடவில்லை. குணேஸ்வரி கிட்ட வந்தாள். இத்தனை மாதமும் உதவிக்கென்று ஸிப்பைக்கூட அவளைத் தொடவிடாதவர், இன்று இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.