ஒன்றரை மில்லிமீட்டர் பல்

வாய்விட்டுச் சிரித்தால் அன்புக்கரசி நம் கண்ணைப் பார்ப்பதில்லை, கடவாயைப் பார்க்கிறார். "மேல ரெண்டாவது பல்லு தேஞ்சிருக்கு. வலப்பக்கமே மென்னு திங்கிறீங்க" என்று முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னவர். அவர் வீட்டில் தலைக்கறி எடுத்தால் தாடை மட்டும் கழுவிக் காயவைத்து அலமாரிக்குப் போய்விடும்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. வயது நாற்பத்தெட்டு. ஆராய்வது பாலூட்டிகளின் ஆதி முன்னோரை, பதினாறு கோடி வருஷத்துக்கு முந்தியவற்றை. டைனோசர் எங்கே என்று கேட்பவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. "அதுக்கு ஊர்ப்பட்ட ஆளு இருக்கு. அது காலுக்கு நடுவுல சுண்டெலி கணக்கா ஓடித் திரிஞ்சுச்சுகளே, அதுகதான் நம்ம ஆளுக." அந்த நம்ம ஆட்கள் விட்டுப்போனது பெரும்பாலும் பல் மட்டும்தான். அதுவும் கடுகளவு.

கோதாவரிப் பக்கம் போய்க் களிமண்ணை மூட்டை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றி வருவார். பக்கத்து ஊரான அகரத்தில், தம்பி தோட்டத்துக் கிணற்றுத் தொட்டியில் ஊறவைத்து, சன்னமான சல்லடையில் அலசி, மிஞ்சும் மணலைக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு மணியாகப் புரட்டுவார். ஞாயிறுதோறும் இதே வேலை. கூட அலசுவது பக்கத்துப் பூந்தோட்டத்து இன்னாசியம்மாள். "மண்ணக் கழுவி மண்ணையே எடுக்கிற ஆளு எங்க அன்புதான்" என்பார் அவர், சல்லடையை ஆட்டிக்கொண்டே.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. மீன் பல் வந்தது, பல்லி எலும்பு வந்தது. முந்தின வருஷம் ஆடியில்தான் அது வந்தது. மண்ணில் ஊறிக் கறுத்த, பாதி உடைந்த கடவாய்ப் பல். ஒன்றரை மில்லிமீட்டர். அவர் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லாத வடிவம். இன்னாசியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். கட்டுரை எழுதினார், வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. புதிய விலங்குக்கு அகரத்தின் பெயர். தையில் வெளிவர இருந்தது.

மார்கழிக் கடைசி ஞாயிறு நானும் தோட்டத்தில் இருந்தேன். இன்னாசியம்மாள் தொட்டி ஓரத்தைக் கூட்டிக்கொண்டே முணுமுணுத்தார். "இந்தக் கூகைக்கு வேற எடமே கெடைக்கலயா. சுத்தியும் கக்கி வச்சிருக்கு."

மோட்டார் அறைக் கூரையில் ஒரு கூகை உண்டு. தின்றதன் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அன்புக்கரசியின் கை அப்படியே நின்றது.

"எம்புட்டு நாளாக்கா இது இங்க இருக்கு?"

"மூணு வருசமா இருக்கு. ஏன்?"

ஓர் உருண்டையை எடுத்து ஊசியால் பிரித்தார். உள்ளே மூஞ்சூறின் தாடை. நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முழுப் பல்லில் பாதியை ஊசி முனையால் மறைத்தால், ஆடியில் கிடைத்த பல் அப்படியே தெரிந்தது. கூகை கக்கியது தொட்டியில் விழுந்து களிமண்ணோடு கலந்திருக்கிறது.

நானாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கட்டுரையை நிறுத்தச் சொல்லி அங்கேயே கைபேசியில் எழுதி அனுப்பினார்.

"பேரு சரியாத்தான் வச்சிருக்கேன்" என்றார். "அகரத்துப் பல்லுதான்."

"வருத்தமா இல்லயா?" என்றேன்.

"இல்லாம? வீட்டுக்குப் போயி அழுவேன். இப்ப அழுதா வெயிலு போயிரும், மண்ணு காயாது."

இன்னாசியம்மாளுக்கு ஆறவில்லை. கல்லை எடுத்துக் கூரையைக் குறி பார்த்தார். அன்புக்கரசி அந்தக் கையைப் பிடித்துக் கல்லை வாங்கிக்கொண்டார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, உட்புறம் தேய்த்துக் கழுவி, பூந்தோட்டத்துப் பச்சை வலையைக் கேட்டு வாங்கி மேலே இழுத்துக் கட்டினார். காற்றுக்கு ஒரு மூலை தூக்கியது. கையிலிருந்த கல்லை அதன்மேல் வைத்துவிட்டு, அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்தார்.