சாமை வேரும் ஐஸ் பெட்டியும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தால் என் ஆராய்ச்சியே நாசமாகப் போகப் பார்த்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கொல்லிமலைக்காரி, அரியூர் நாடு. படிக்க மலையிறங்கி, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்து நகரத்தில், செல்களை ஆராய்கிற ஒரு லேபில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர்ச் சாமை அந்தச் சரளை மண்ணுக்குள் எப்படி வேரை இறக்குகிறது என்பதுதான் என் கேள்வி. வேரின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய நூல்கள் ஓடுகின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. செல் எந்தப் பக்கம் நீளும் என்பது அந்த நூல்கள் படுத்திருக்கிற வாக்கைப் பொறுத்தது. அவற்றைப் பார்க்க, டியூபுலினை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி ஒன்றை முதலில் விடுவோம். பிறகு அதன் மேல் ஒட்டுகிற இன்னொன்றை விடுவோம். இரண்டாவதில் ஒளிரும் சாயம் சேர்த்திருக்கும். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சம் பட்டால், நூல் இருக்கிற இடமெல்லாம் பச்சையாக மின்னும்.

இதை என் அக்காவிடம் மூச்சு வாங்க விளக்கியபோது, அவள் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டே, "மண்ணுச் செவுத்துக்குள்ள மூங்கி தப்பை வெச்சுக் கட்டறம்ல, அந்த மாதிரியா?" என்றாள். அதேதான். மூன்று வருடம் கழித்து என் ஆராய்ச்சியை மதிப்பிடுகிற கமிட்டியின் முன்னால் நான் அந்தத் தப்பையைத்தான் சொன்னேன். பாராட்டெல்லாம் எனக்குக் கிடைத்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஊரில் வெள்ளாமை அவள் பொறுப்பு. அந்த மண்ணிலேயே முளைத்த வேர் வேண்டும் என்பதால், காட்டின் ஓரத்தில் ஒரு பாத்தி கட்டி எனக்காகச் சாமை விதைப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் போய், முளைத்த நாற்றுகளை ஈரத்துணியில் சுருட்டி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவேன். பெட்டிக்குள் வைக்கிற நீல ஐஸ் பாக்கெட்டுகளை, பஸ் ஏறுகிற செம்மேட்டில் ஒரு கடைக்காரர் தன் பிரிட்ஜில் உறைய வைத்துத் தருவார்.

ஒரு தடவை எனக்கு முடியாமல் போக, பெட்டியை அக்காவே கொண்டுவந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் திறந்து பார்க்கிறேன், டப்பாவுக்கு மேல் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். எனக்குப் பிடிக்குமே என்று, கெடாமல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் பஸ் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஐஸ் பெட்டின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு டிகிரி ஏறினாக்கூட எல்லாம் போச்சு!" அக்கா பழத்தை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருடமானாலும் அந்த நிற்பு எனக்கு மறக்காது.

இவ்வளவு செய்தும் நூல் தெரியவில்லை. எட்டு மாதம். ஒவ்வொரு முறையும் செல்லுக்குள் பச்சையாக ஒரு மூட்டம், அவ்வளவுதான். ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று விற்றவர்களுக்குக் காரசாரமாக மெயில் போட்டேன். பிரிட்ஜ் கதவை யார் சரியாகச் சாத்தவில்லை என்று லேபில் எல்லோரையும் விசாரித்தேன். வழிகாட்டியான மேடம் நல்லவர், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா. "கமிட்டிக்குள்ள ஒரு படமாவது வரணும்மா. வரலைன்னா சாமையை விட்டுடு. எல்லாரும் பண்ற மாதிரி ரெடியா இருக்கற எலி செல்லை எடுத்துக்கோ" என்றார். எலி செல்லுக்கு நான் எதற்கு? அதைப் பார்க்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே! எங்கள் சாமையைப் பார்க்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அன்று லேப் கழிவறையில் நின்று அழுதேன்.

அந்த வாரம் பார்த்து எனக்குக் கடும் காய்ச்சல். போன தடவை நாற்று சரியாக முளைக்காததால் ஐஸ் பெட்டியை ஊரிலேயே விட்டு வந்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாள் மதியம் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று டப்பாவை மட்டும் நீட்டினாள். "பொட்டி கனமா இருந்துச்சு, செவுத்தோரமா வெச்சிருக்கறேன். இப்பத்தான் ஐஸ்ல இருந்து எடுத்தேன் கண்ணு" என்றாள். காய்ச்சலில் என் கைக்கு எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. நடுங்கிக்கொண்டே லேபுக்குப் போய், செல்களை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிற மருந்தில் வேர்நுனிகளைப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து இருட்டறையில் பார்க்கிறேன், ஐயோ, நூல்! ஒவ்வொரு செல்லிலும் குறுக்குவாக்கில், வரிசை வரிசையாகப் பச்சை நூல்கள். மேடத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "அருமை. இன்னும் ரெண்டு தடவை இதே மாதிரி வந்தாத்தான் நம்பலாம். என்ன மாத்திப் பண்ணினே?" என்று கேட்டார்.

ஒன்றும் மாற்றவில்லையே! மறுபடி நானே போய்க் கொண்டுவந்தேன். மூட்டம். இன்னொரு முறை. மூட்டம். காய்ச்சலில் செய்த மாதிரியே அரைகுறையாகக்கூடச் செய்து பார்த்தேன். மூட்டம்தான். அக்காவுக்குப் போன் போட்டு, "அன்னைக்கு ஏதாவது வேற மாதிரி பண்ணினியா?" என்றேன். குரலில் என்ன காரம் இருந்ததோ, "இல்ல கண்ணு, நீ சொன்னாப்பலதான். பொட்டியிலதான் வெச்சேன்" என்று சட்டென்று சொன்னாள்.

கமிட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பாத்தி மண், தண்ணீர், விதை எல்லாவற்றையும் பார்த்துவிடுவதென்று மலையேறினேன். செம்மேட்டில் இறங்கி அந்தக் கடையில் ஒரு சோடா கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்க, அன்னைக்கு உங்க அக்கா ஐஸ் பாக்கெட்டு வாங்காமயே பஸ் ஏறிட்டாங்க. கூப்பிட்டுப் பாத்தனுங்க, வேண்டாம்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. குளிர்! அந்த நூல்கள் குளிரில் பிரிந்து கரைந்துபோகும். இது எனக்குத் தெரியும். எம்.எஸ்சி. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஐஸ் வேண்டியது ஆன்டிபாடிக்கு. அதற்குச் சொன்ன பத்தியம் வேருக்கும் இருக்கட்டும் என்று நானாக முடிவு செய்து, எட்டு மாதம் நானே நூல்களைக் கொன்று, பிறகு நூலைக் காணோம் என்று ஊரையே திட்டியிருக்கிறேன்.

அக்கா மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். "கடைக்கிப் போனேன்" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"திட்டாத கண்ணு" என்றாள். "மொளச்சு மூணு நாளான பயிரு. நம்ம மலைக் குளுரத் தாங்கும், ஐஸ்ல போட்டா வெறச்சுப் போவாதா? எனக்கு மனசு கேக்கல. டப்பாவத் துணில சுத்தி மடியில கட்டிட்டு, வெறும் பொட்டியத் தூக்கிட்டு வந்தேன். உங்கிட்டச் சொன்னா நீ கத்துவே. படம் நல்லா வந்துச்சுன்னு வேற சொன்னியா, அப்பறம் எதுக்குச் சொல்லோணும்னு உட்டுட்டேன்."

என்னைத் தூக்கி வளர்த்த பெண், மண்வெட்டியும் கையுமாக, என்னைப் பார்த்துப் பயந்து நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். அவள் பதறிப்போய், "ஏங்கண்ணு, எல்லாம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

அடுத்த இரண்டு தடவையும் அக்காதான் கொண்டுவந்தாள். டப்பாவுக்குள் ஒரு சின்ன வெப்பமானி வைத்துக் கொடுத்தேன். வழியெல்லாம் அதைப் பார்த்துச் சீட்டில் எழுதி வந்தாள். இரண்டு முறையும் நூல் வந்தது. சாமையை விட வேண்டியதில்லை என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. வேர்கள் ஐஸ் இல்லாமல், உடல் சூட்டில் எடுத்துவரப்பட்டன என்று ஆய்வேட்டில் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் அக்காவை இருட்டறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தப்பையேதான்" என்றாள். பிறகு கண்ணை எடுக்காமலேயே, "நான் அன்னைக்கே நெசத்தச் சொல்லியிருந்தா, இது அன்னைக்கே முடிஞ்சிருக்குமா கண்ணு?"

"ஆமாக்கா."

"நீ கத்த மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல?"

அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.