வெள்ளை ஸ்ட்ரா தீர்ந்த ஞாயிறு

நான்கு ஆண்டுகளாக ஒரு சொட்டு மதுவைத் தொடாதிருந்த ஒரு மனிதருக்கு நான் என் கையால் ரம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு முறை அல்ல... இரண்டு முறை! முதல் முறை கைதவறி. இரண்டாம் முறை தெரிந்தே.

போதுமா? இன்னும் அப்பட்டமாகச் சொல்ல வேண்டுமா? அவர் பெயர் ஆரோக்கியம். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா இன்றைக்கும் என்னைக் கண்டால் ‘நல்லாரு தம்பி’ என்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு நான் நிற்கிறேன்!

பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் முழங்காலிட்டு, கோபம், பொய், பொறாமை என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். சாமியாரிடம் மறைத்ததை உங்களிடம் சொல்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் தைரியமாக இருக்கலாம்.

நான் ஒரு பார்டெண்டர். வீடு ஜீவனஹள்ளியில். அங்கிருந்து பத்து நிமிட நடையில் நான் வேலை பார்க்கும் உணவகம். ஆடம்பரமான இடமில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டுச் செருப்போடு வந்து உட்காரும் இடம். ஞாயிறு என்றால் ‘ப்ரன்ச்’. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகக் கலந்து, பதினோரு மணிக்குத் தொடங்கி நாலு மணி வரை ஓடும். அப்பமும் ஸ்டியூவும் ஒரு பக்கம், நீர்தோசையும் பன்றிக்கறி வறுவலும் இன்னொரு பக்கம். சாப்பாட்டை எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். குடிக்கிறவை மட்டும் என் பார் மேடையிலிருந்து மேசைக்குப் போகும்.

நான் குடிக்க மாட்டேன். சிரிக்காதீர்கள்! பதினாறு ஆண்டுகளாக ஊற்றுகிறேன், நாக்கில் வைத்ததில்லை. என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சுரங்கம் மூடிய பிறகு குடித்தே போய்ச் சேர்ந்தார். ஒரு கிளாஸ் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மற்ற பார்டெண்டர்கள் ஸ்ட்ரா நுனியில் ஒரு துளி எடுத்து ருசி பார்த்துத்தான் அனுப்புவார்கள். நான் பார்ப்பதில்லை. என் கைக்கே எல்லாம் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். என்ன திமிர் பாருங்கள்!

ஆரோக்கியம் அண்ணன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிறு பூசை முடிந்து கணவனும் மனைவியும் நேரே எங்களிடம் வருவார்கள். ஜன்னலோரத்தில் இரண்டு பேர் உட்காரும் மேசை. முதல் நாளே ஸ்டெல்லா அக்கா மேடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டார்.

“தம்பி தமிழா? நல்லதாப் போச்சு. இவருக்கு மறந்துகூட ஒரு சொட்டு போயிடக் கூடாது. விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. குடிக்கிறவங்க நடுவுல உக்காந்து குடிக்காம எழுந்து வரணும்னு அவருக்கு ஒரு வீம்பு. நான் சொன்னா கேக்கறாரா?”

“நான் பாத்துக்கறேன்க்கா.”

பார்த்துக்கொண்டேன்... இன்னும் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

அவர் எப்போதும் குடிப்பது ஒன்றுதான். இஞ்சி, எலுமிச்சை, புதினா இடித்துப் போட்டு, ஐஸும் சோடாவும் நிரப்பிய உயரமான கிளாஸ். அதிலேயே ரம் ஊற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அதனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ரம் உள்ளதற்குக் கறுப்பு ஸ்ட்ரா, இல்லாததற்கு வெள்ளை.

கிளாஸ் மேசைக்கு வந்ததும் அக்கா அதைத் தன் பக்கம் இழுப்பார். “எங்க, குடுங்க பாப்போம்.” ஒரு வாய் குடித்து, “ம்... நல்லாருக்கு” என்று அண்ணனிடம் தள்ளுவார். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு தமாஷ். நானும் விடமாட்டேன்.

“என்னக்கா, உங்களுக்கு இன்னும் ஹனிமூனே முடியலையா?”

“போடா வாயாடி!” என்பார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்தது. இருபது பேர். நீள மேசை போட்டு, பலூன் கட்டி, ஒரே கும்மாளம். எல்லோருக்கும் அந்த இஞ்சிப் பானம்தான், ரம்மோடு. நான் வரிசையாக இடித்துக்கொண்டும் ஊற்றிக்கொண்டும் இருந்தேன். நடுவில் அண்ணனுடைய ஆர்டரும் வந்தது. வெள்ளை ஸ்ட்ரா டப்பாவில் கை விட்டேன். காலி!

ஸ்டோர் சாவி மேனேஜரிடம். அவரோ வாசலில் இடத்துக்குக் காத்திருக்கிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாவற்றிலும் கறுப்பையே செருகிவிட்டு, அண்ணனுடையதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். ஒரே ஒரு கிளாஸ்... இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதா என்ன?

ஐஸ் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் பரிமாறுகிறவர் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு நீள மேசைக்குப் போய்விட்டார். மேடையில் ஒரு கிளாஸ் மிச்சம். அதுதான் அண்ணனுடையது என்று எடுத்துக்கொண்டு நானே போனேன். ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்... ஒரே ஒரு துளி!

அக்கா மேசையில் இல்லை. அப்பம் எடுக்கப் போன இடத்தில் கோயிலுக்கு வரும் பெண் ஒருத்தியைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றார். அண்ணன் ஸ்ட்ராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வெள்ளை தீந்துபோச்சுண்ணா. இது உங்களுதுதான். தாராளமாக் குடிங்க.”

ஆம், நான்தான் அப்படிச் சொன்னேன்! தயங்கிய மனிதருக்குத் தைரியம் வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

மேடைக்குத் திரும்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறந்தநாள் கூட்டத்திலிருந்து ஒருவன் கிளாஸை ஆட்டிக்கொண்டு வந்தான்.

“குரு, இதரல்லி ரம்மே இல்லா!” இதில் ரம்மே இல்லை என்கிறான்.

அப்படியென்றால் ரம் ஊற்றியது அண்ணனிடம்! ஜன்னல் பக்கம் பார்த்தேன். அண்ணனுடைய கிளாஸில் முக்கால்வாசி காலி. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாயிலேயே தெரிந்திருக்கும் அவருக்கு. தெரியாமலா இருக்கும்? தெரிந்து... குடித்துக்கொண்டிருந்தார்!

பத்து அடி தூரம்தான். ஓடிப்போய் அந்தக் கிளாஸைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்தவனிடம் “சாரி பாஸ்” என்று சிரித்து, அவன் கிளாஸில் ரம் ஊற்றிக் கொடுத்தேன். அதுதான் அந்த நேரத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது. கூட்டத்தின் நடுவே பிடுங்கினால் அக்கா பார்ப்பார், மேனேஜர் ஓடி வருவார், இத்தனை வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும்... இதெல்லாம் அந்த நொடியில் எவ்வளவு தெளிவாக என் மண்டைக்குள் ஓடியது! அவரைப் பற்றி மட்டும் ஒன்றுமே ஓடவில்லை.

அக்கா தட்டோடு திரும்பினார். காலிக் கிளாஸைப் பார்த்து, “அதுக்குள்ளயா? எனக்கு ஒரு வாய் வைக்கக் கூடாதா?” என்று சலித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்து கழிவறைப் பக்கம் போகிறவர்போல என் மேடைக்கு வந்தார்.

“அண்ணா... தெரியாம... கை மாறிப்போச்சுண்ணா...”

“தெரியும். விடு.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது! அவர் என்னை அறைந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கண்கள் என் பின்னால் இருந்த பாட்டில்களின் மேல் இருந்தன.

“அதே மாதிரி இன்னொண்ணு போடு. இஞ்சி கொஞ்சம் தூக்கலா.”

“வேணாம்ணா. அக்கா...”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போடு தம்பி.”

போட்டேன்.

என்னை மிரட்டினார் என்று சொல்லட்டுமா? இல்லை. அவர் கெஞ்சினார். அவர் உதடு உலர்ந்திருந்தது. என் அப்பாவின் உதடு அப்படித்தான் உலர்ந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இஞ்சியைக் கூடுதலாக இடித்தேன், வாசனை தெரியாமலிருக்க. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்ற அந்த ஒரு வார்த்தைக்காக ஊற்றினேன். அவர் நின்றபடியே மடக்மடக்கென்று குடித்து, புதினா இலையை வாயில் போட்டு மென்றுகொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன்... எனக்கு நிம்மதியாக இருந்தது!

ஏழு மாதம் கழித்து அக்கா மட்டும் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். எப்போதும் உட்காரும் மேசைக்குப் போகாமல் நேரே என் மேடை முன்னால் வந்து நின்றார்.

“மறுபடி ஆரம்பிச்சிட்டாரு தம்பி. வேலை போச்சு. ரத்த வாந்தி எடுத்து, பொழைப்பாரான்னு ஆகி... இப்ப ஆனேக்கல் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்துல விட்டிருக்கேன். எங்க ஆரம்பிச்சாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு. ஒவ்வொரு இடமாக் கேட்டுக்கிட்டு வரேன். தெரிஞ்சா அந்தப் பக்கமே போக விடமாட்டேன் பாரு.”

நான் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தேன்.

“இங்க... இல்லக்கா.”

“ஐயோ, உன்னைச் சொல்வேனா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் முதல் வாய் குடிப்பேன்ல... நீங்க எல்லாம் ஹனிமூன்னு கிண்டல் பண்ணுவீங்க. அது லவ்வாடா? பயம்! வேற யாராவது கொண்டு வந்தா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன். நீ கொண்டு வந்தா மட்டும் நிம்மதியா நின்னு பேசிக்கிட்டு இருப்பேன். தம்பி கையாச்சேன்னு.”

அன்றைக்கு அப்பத் தட்டோடு நின்ற அக்கா, கிளாஸ் மேசைக்குப் போவதைப் பார்த்திருக்கிறார். அதை யார் கொண்டு போகிறார் என்பதையும் பார்த்திருக்கிறார். அதனால்தான் வரவில்லை... என்னைப் பார்த்ததால்தான் வரவில்லை!

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? என் கை அவர் கைக்குள் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். “உடம்பைப் பாத்துக்கோங்கக்கா” என்றேன்.

போன ஈஸ்டருக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். அண்ணனுக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கை நடுக்கம் நிற்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

“இங்க மட்டும் போகலாம்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். சும்மா சும்மா சந்தேகப்படாதீங்கன்னு அந்த இல்லத்து மேடம் சொல்லிட்டாங்க. இனிமே ருசி பாக்கறதெல்லாம் கிடையாது. நீ போட்டா நான் போட்ட மாதிரி.”

போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்ட்ரா நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை! இஞ்சி, எலுமிச்சை, சோடா. வேறொன்றும் இல்லை. வெள்ளை ஸ்ட்ரா செருகி நானே கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணன் தொடவில்லை. ஸ்ட்ராவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு நடுங்கும் விரல்களால் கிளாஸை மெல்ல அக்கா பக்கம் தள்ளினார்.

“ஸ்டெல்லா, நீ ஒரு வாய் பாரு.”

“தம்பி போட்டதுங்க! எதுக்கு?”

“பாரும்மா.”

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்தியா? இத்தனை வருஷம் கழிச்சு இவருக்கு இப்பத்தான் லவ் வருது!” ஒரு வாய் குடித்து, “ம்... நல்லாருக்கு” என்றார். அதன் பிறகுதான் அண்ணன் கிளாஸை எடுத்தார்.

அவர் வாக்குக் கொடுத்தபடி யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேலை போய், ரத்தம் கக்கி, செத்துப் பிழைத்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் என் கையால் வருவதை நம்பிக் குடிக்க அவருக்குப் பயம்! இந்த ஊரில் இத்தனை பார் இருக்க, அவர் பயப்படுவது என்னைப் பார்த்து!

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். அவர் தள்ளுவார், அக்கா ருசி பார்ப்பார், பிறகு அவர் குடிப்பார். போன வாரம் அக்கா என்னைச் சீண்டினார்.

“என்ன தம்பி, இப்பல்லாம் ஹனிமூன் கேள்வியே காணோம்?”

“முடியவே முடியாது போலிருக்கேக்கா,” என்றேன். மேசையே அதிரும்படி சிரித்தார். அண்ணன் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன்... சிரிக்காமல் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்!

நாளை மறுபடியும் ஞாயிறு. வெள்ளை ஸ்ட்ரா இரண்டு பெட்டி இப்போது என் மேடைக்கு அடியிலேயே இருக்கிறது. பூசை முடிந்ததும் வந்துவிடுவார்கள். நான்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார்.