காப்பீட்டுக்காக ஒரு விவாகரத்து

அமெரிக்காவின் ஈரி நகரத்து முதியோர் இல்லச் சமையலறையில் வாண்டா சோப்சாக் பல வருடம் அரை நேர வேலைதான் பார்த்தாள். ஐம்பத்தாறு வயதில் முழு நேரமாக்கி, மருத்துவக் காப்பீடும் தந்தார்கள். அன்று புருஷன் ஜீனுக்குப் பிடித்த சாசேஜ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஜீன் கோடையில் புல் வெட்டுவான், குளிர்காலத்தில் பனி தள்ளுவான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆள். அவனுடைய காப்பீட்டுச் செலவில் பெரும்பங்கை அரசாங்க மானியம்தான் தாங்கியது. வாண்டாவின் வேலை முழு நேரமானதும் அது நின்றுபோனது. அவனை அவளுடைய காப்பீட்டில் சேர்ப்பதென்றால் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

காப்பீட்டு உதவி மையத்துப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "உங்க ஒருத்தருக்கு மட்டும் சம்பளத்துல பிடிக்கிற தொகையத்தாங்க சட்டம் பாக்கும். அது கட்டுப்படியாகுதுன்னா குடும்பத்துக்கே கட்டுப்படியாகுதுன்னு அர்த்தம். மானியம் வராது."

"அந்தக் காப்பீடே வேணாம்னு சொல்லிட்டா?"

"குடுக்கறேன்னு சொல்லிட்டாங்கல்ல, அதுவே போதும்."

மறுபடி அரை நேரத்துக்கே போட்டுவிடும்படி மேனேஜரிடம் கெஞ்சினாள். அவர் சிரித்தார். "அவனவன் இதுக்குத் தவம் கெடக்கான். உன் பழைய இடத்துக்கு ஆள் எடுத்தாச்சும்மா."

அன்று சாப்பிடும்போது வாண்டா எரிச்சலில் சொன்னாள்: "பேசாம உன்னை விவாகரத்து பண்ணிடறேன். அப்பயாவது சர்க்கார் உன்னைத் தனி ஆளாக் கண்டுக்கும்."

ஜீன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "பண்ணலாமே."

சொன்னதை அவளால் திரும்ப வாங்க முடியவில்லை. மாத்திரை இல்லாமல் அவனை எத்தனை நாள் வைத்திருப்பது? "சர்ச் கணக்குல நாம புருஷன் பொண்டாட்டிதானே" என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். யாராவது கேள்வி கேட்டால் வம்பு என்று, ஜீன் தன் அக்கா பெர்னிஸ் வீட்டு முகவரியைக் கொடுத்தான். மானியம் வந்தது. முதலில் அவனுடைய துணிப்பெட்டி அங்கே போனது. பிறகு டிவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாண்டாவிடம் சாப்பிட வந்தான். பிறகு அதுவும் மாதத்துக்கு ஒரு முறை என்றானது.

நாலு வருடம் கழித்து விதியை மாற்றினார்கள். குடும்பத்தைச் சேர்க்க ஆகும் செலவையும் இனி கணக்கில் எடுப்பார்களாம். செய்தி கேட்டதும் வாண்டா வேலை உடுப்போடு காரை எடுத்தாள். பெர்னிஸ் வீட்டு அடுக்களையில் அக்காவும் தம்பியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஜீன், இனி கவலையில்ல. நாம மறுபடி கட்டிக்கிட்டாலும் உனக்கு மானியம் உண்டாம்."

அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே இருந்தான். "இப்பவும்தான் வருதே, வாண்டா."

"நான் காப்பீட்டப் பத்திப் பேசல."

"எதுக்கு நல்லா ஓடிட்டிருக்கறதப் போய்க் கலைக்கணும்? இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல."

பெர்னிஸ் எழுந்து, "காபி குடிக்கிறியா?" என்று கேட்டாள், விருந்தாளியைக் கேட்பதுபோல. வாண்டா வேண்டாமென்று தலையாட்டினாள்.

மறுநாள் வேலையில், கூடப் பணிபுரியும் ரோஸ்லின், "சட்டம் மாறிடுச்சாமே! உன் வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன். அவனுக்கு வேணாமாம்" என்ற வாண்டா, கொதிக்கிற சூப்பில் உப்பை அள்ளிப் போட்டாள். அன்று மதியம் கிழவர்கள் ஒருவர்கூட அந்த சூப்பைக் குடிக்கவில்லை.