ஸ்டெல்லா பெயரில் இருந்த பூட்டு

அன்று காலையில் டிசைன் அறையைத் திறந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் தேவராஜ் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டாங்க சார்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். நான் கேட்டதோ, "அந்த முந்தானை டிசைன் அவங்க பேர்லயே பூட்டி கெடக்குதே?" என்று. கேட்ட வாய் இன்னும் கூசுகிறது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பூட்டு தெரியும். முன்பெல்லாம் ஒரே சேலையின் டிசைனை ஆளுக்கொரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு திருத்துவோம். ஒருமுறை புது பார்டரும் பழைய முந்தானையுமாகத் தறிக்குப் போய், களம்பூர் கல்யாண வீட்டார் கடைக்கே வந்து கத்தினார்கள். அதன் பிறகுதான் ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்து சர்வர் வைக்கச் செய்தார். எல்லா டிசைனும் அதில் ஒரே இடத்தில் இருக்கும். ஒருவர் திருத்த எடுத்தால் அவர் பெயரில் பூட்டு விழும். மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. திருப்பி வைத்தால் புதியது மேலே வரும், பழையதும் அழியாது. "எடுத்தா எடுத்தேன்னு தெரியணும், வச்சா வச்சேன்னு தெரியணும். இதுல என்னாங்க பேஜாரு?" என்பார்.

எடுத்ததைத் திருப்பி வைக்காமல் யாராவது கிளம்பினால் வாசலிலேயே மடக்குவார். "பஸ்ஸு கெடக்குது, மொதல்ல பூட்டை எடுத்துட்டு போங்க." அப்படிப் போளூர் பஸ்ஸைத் தவறவிட்டவன் நான். பிறர் பூட்டை உடைக்கும் அதிகாரம் எங்கள் இருவருக்கு மட்டும் இருந்தது. அவர் உடைத்ததே இல்லை. போன் போட்டுக் கேட்பார். "உடைச்சா அவங்க செஞ்ச வேலை தெருவுல நிக்கும்ங்க" என்பார்.

அன்று நான் உடைத்தேன், சாவு வீட்டுக்குப் போகும் முன்பே. தறிக்காரர் காத்திருந்தது உண்மைதான். கேட்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருந்திருப்பார். ஸ்டெல்லாவின் லேப்டாப் எங்கே என்று விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முந்தானையை நானே முடித்து சர்வரில் வைத்துவிட்டு மாலை வாங்கப் போனேன்.

அடக்கம் முடிந்த சில நாளில் தேவராஜ் அந்த லேப்டாப்போடு வந்தார். "பெட்ல உக்காந்துகினு முடிச்சாங்க சார். சார் கிட்ட குடுத்து உள்ள வெக்கச் சொல்லுங்கன்னாங்க." வைத்துப் பார்த்தேன். பூட்டு ஸ்டெல்லா பெயரில் இல்லை, வேறொன்று மேலே ஏறிவிட்டது என்று சர்வர் வாங்க மறுத்தது.

"உள்ள போயிடுச்சுங்களா சார்?" என்றார் தேவராஜ்.

"போயிடுச்சுங்க."

அவர் போன பிறகு இரண்டு முந்தானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் போட்ட கொடி மூலையில் வெட்டுப்பட்டு நிற்கிறது. ஸ்டெல்லா போட்டது வளைந்து பார்டருக்குள் இறங்குகிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த டிசைன் ஒன்றுதான். அது என் கணினியில் மட்டும் இருக்கிறது. தறியில் ஓடுவது என்னுடையது.

நேற்று தேவராஜ் மறுபடி போன் செய்தார். "சேலை தறியிலேர்ந்து வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க சார். அம்மா போட்டதுன்னு பசங்களுக்குக் காட்டணும்." அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.