சைக்கிள் வந்தால் மாறாத சிக்னல்

கனடாவில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சிக்னல் இருக்கிறது. கார் வந்து நின்றால் பச்சை விழும். லாரி வந்தாலும் விழும். நான் வந்தால் விழாது. முதல் நாள் கோட்டில் கால் ஊன்றி நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். சிக்னல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பின்னால் ஒரு கார் வந்ததும் அது சமர்த்தாகப் பச்சைக்கு மாறியது. சாலைக்கு அடியில் கம்பிச்சுருள் புதைத்திருக்கிறார்களாம். மேலே வந்து நிற்கும் உலோகத்தை அது உணர்ந்தால்தான் விளக்கு மாறுமாம். என் பழைய அலுமினிய சைக்கிளும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நானும் அந்தக் கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை.

சீக்கிரம் கிளம்பலாமே என்பீர்கள். கிளம்பினேன். சீக்கிரம் போனால் பின்னால் வரும் காரும் இருக்காது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே என்பீர்கள். குறுக்கே ஓடுவது நெடுஞ்சாலை, லாரிகள் பறக்கின்றன. நடப்பவர்களுக்கான பொத்தான் அங்கே இல்லை, ஏனென்றால் அங்கே நடப்பவர்களே இல்லை. அந்தப் பக்கம் நான் கோழி இறைச்சிப் பெட்டிகளைக் கழுவும் தொழிற்சாலையின் கூரை கண்ணுக்குத் தெரியும். வேலை நிரந்தரமானால்தான் திருவொற்றியூரில் இருக்கும் என் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துக்கொள்ள வழி பிறக்கும். நிரந்தரம் ஆகும்வரை தாமதமாக வரக்கூடாது. இவ்வளவுதான் என் பிழைப்பின் சட்டம். அது ஒரு சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

ஏற்கெனவே சில முறை தாமதமாகியிருந்தது. மேற்பார்வையாளர் பிரையன் கூப்பிட்டு அனுப்பினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அந்த சிக்னலுக்கு நான் தெரியவில்லை" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு அலமாரியைத் திறந்து, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "இனிமேல் எல்லோருக்கும் தெரிவாய். இன்னொரு முறை தாமதமானால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது." நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

போனில் செல்வியிடம் சொன்னபோது சிரித்தாள். "ட்ரெய்லருக்கே பயப்படாத ஆளு நீ. இன்னாய்யா, ஒரு லைட்டுக்குப் போயி பயந்துகினு கீற?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றின் சக்கரங்களுக்கு நடுவே கிடைக்கும் சந்தில்தான் நான் பல வருடம் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போய் வந்தேன். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டேய் கஸ்மாலம், வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்துவார். அப்போது கோபம் வரும். இப்போதுதான் புரிகிறது, திட்டு விழுந்தால் நாம் அவர் கண்ணில் பட்டுவிட்டோம் என்று அர்த்தம். இங்கே என்னை யாரும் திட்டுவதில்லை. இந்தச் சாலையில் ஒரு சைக்கிள்காரன் இருப்பான் என்றே யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதுதான் பயம்.

ஒரு காலையில் நின்று நின்று கால் ஓய்ந்துபோய், நம் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வோம்? சைக்கிளைத் தரையில் படுக்கப் போட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொள்வோம். ரயில் போனதும், கேட் ஏறுவதற்கு முன்பே படுத்த சைக்கிளை அடியில் இழுத்துக்கொண்டு மறுபக்கம் எழுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சைக்கிளைக் கிடத்திவிட்டுக் குந்தினேன். விளக்கு மாறிவிட்டது! நின்றிருந்த சைக்கிளை மதிக்காத கம்பி, மேலே படுத்த சைக்கிளை ஒப்புக்கொண்டது. நடுச்சாலையில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு தினமும் கிடத்துவேன், குந்துவேன், பச்சை விழும், போவேன்.

போன வாரம் அப்படிக் குந்தியிருந்தபோது பின்னால் ஒரு பிக்கப் வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஒரு பெரியவர் இறங்கி ஓடி வந்தார். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், தரையில் சைக்கிள். அவர் என்ன நினைப்பார்?

"அசையாதே! அப்படியே இரு!" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். அடிபட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நான் சிக்னலைச் சுட்டிக் காட்டினேன். அவர் போனில், "இடித்தவன் அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "யோவ், வுடுய்யா, வேல பூடும்யா" என்று கத்தினேன். அவர் தன் மேல்கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தி, தலையில் அடிபட்டிருக்கிறது, புரியாமல் பேசுகிறான் என்று போனில் சொன்னார். நல்ல மனிதர். என் கையை விடவே இல்லை. கம்பிச்சுருளின் மேல் அவருடைய வண்டி நின்றதால் சிக்னல் பச்சையானது. சிவந்து, திரும்பவும் பச்சையானது. ஆம்புலன்ஸ் வந்து, என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகும்வரை அது மாறிக்கொண்டே இருந்தது.

அன்று தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பிரையன் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வருத்தமாக இருக்கிறது என்றார். மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்குக்கூட வழியில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே சிக்னலுக்கு, இந்த முறை தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்து நின்றேன். செல்வி கூப்பிட்டாள். அங்கே மாலை; மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்ட நேரம்.

"இன்னாய்யா, வேல நெரந்தரம் பண்ணிட்டானா? பாப்பா ஸ்வெட்டர் வாங்கணுமான்னு கேட்டுகினே கீது."

"சிக்னல்ல நிக்கிறேன் செல்வி."

"இன்னும் பச்ச வுழலியா?"

"இல்ல."

"சரி, வுழுந்ததும் போ. அவசரப்பட்டு குறுக்க பூந்துடாத. நாங்க எங்க பூடப் போறோம்? இங்கதான கீறோம்."

அவள் குரலுக்குப் பின்னால் ட்ரெய்லர்கள் ஹாரன் அடிப்பது கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பச்சை விழுந்தது. காருக்குள் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, முதலில் நீ போ என்று கை காட்டினாள். நான் சைக்கிளை ஓரமாக இழுத்துக்கொண்டு அவளுக்கு வழி விட்டேன். கார் போனது. போனைக் காதில் வைத்தபடி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பச்சை முடியும்வரை நின்றேன்.