மூன்றாம் மாடிக்கு வந்தவள்

அந்த விடுதியில் அவளுக்குச் 'சுருக்கம் அக்கா' என்று பெயர். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் போதும். மொத்தத்தையும் உருவி எறிந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து விரிக்கச் சொல்வாள். முகத்துக்கு நேரே எல்லாரும் 'அக்கா' என்பார்கள். லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் முன்னால் உள்ள சொல் வந்து சேரும். அது அவளுக்கும் தெரியும். அறைகளைத் துப்புரவாக வைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக அவள் உயர்ந்ததே அந்தக் கண்டிப்பால்தான் என்பதால், பெயரைப் பற்றி அவளுக்கு மனக்குறை இருந்ததில்லை.

ஆண்டுதோறும் அவ்விடுதிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பயிற்சி மாணவர் வருவது வழக்கம். விடுதி நிர்வாகம் படிப்பவர்கள். பரிமாற்ற விசாவில் வந்து ஓராண்டு தங்கி, வரவேற்பு மேசை, சமையற்கூடம், கணக்குப் பிரிவு, அறைகள் என மாறி மாறிக் கற்றுக்கொண்டு போவார்கள். அந்த ஆண்டு முழுமையாக முடிந்தால்தான் பட்டம். விசாவும் அந்த ஒரு விடுதிக்கே உரியது. வேறிடத்தில் வேலை பழக அனுமதியில்லை. முதலாளி கேட்டுக்கொண்டதால், அவர்கள் தங்குவதற்கு அக்கா தன் வீட்டு மாடியறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள். வந்தார்கள், போனார்கள், ஆளுக்கொரு புகைப்படம் அனுப்பினார்கள், பிறகு மறந்தார்கள். அக்காவும் மறந்தாள்.

கடைசியாக வந்தவளைத்தான் அப்படி மறக்க முடியாமற்போயிற்று.

நெடுநெடுவென்று வளர்ந்த பெண். முதல் நாளே, ஏறி நிற்க ஸ்டூல் தேடாமல், எட்டி மின்விசிறியைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்த சலவைக்காரர், "அக்கா, இனிமே நமக்கு ஒட்டடைக்குச்சி வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து அவள் 'குச்சி'. பொருள் புரிந்ததும் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். வருவோர் போவோரிடமெல்லாம் "நான் குச்சி" என்று அறிமுகம் செய்துகொண்டாள். அவள் முதலில் கற்ற உறவுச்சொல் 'அக்கா' என்பதால், அக்காவின் கணவரையும் ஒரு வாரம் அப்படியே அழைத்தாள். வாடகைக் கார் ஓட்டும் அந்த மனிதர், "போகட்டும் விடு, இந்த வீட்டுல ஒரு அக்கா போதாதுன்னு என்னையும் ஆக்கிட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேலை அவளுக்குக் கைவந்தது. சுருக்கமே விழாமல் விரிக்கக் கற்றவள் அவள் ஒருத்திதான். விருந்தினர் நெரிசல் மிகுந்த பருவத்தில், மூன்றாம் மாடியில் வேலை பார்த்த இருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்கோடி" என்று அக்கா அவளை அங்கே நிறுத்தினாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று.

வரவேற்பு மேலாளர் இருமுறை கேட்டு வந்தார். "பொண்ண எங்கிட்ட அனுப்புங்க அக்கா. படிக்க வந்த பிள்ளை, பெட்ஷீட்ட மட்டும் படிச்சிட்டுப் போயிடப் போவுது."

"உங்க மேசையில என்ன இருக்கு? நாள் முழுக்கப் பல்லக் காட்டிட்டு நிக்கணும். அது எங்கூடவே இருக்கட்டும்."

"பெத்த பிள்ளை மாதிரியில்ல பேசுறீங்க?"

"ஏன், பெத்தாத்தான் பேசணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். துவாலைகளை மார்போடு அணைத்தபடி குச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு நடக்கும்போது, "அக்கா, நான் எப்போ கீழ போறது?" என்று மெல்லக் கேட்டாள்.

"போகலாம்டி. கூட்டம் குறையட்டும்."

"சரி அக்கா."

கூட்டம் ஒரு சாக்குத்தான். வரவேற்பு மேசைக்குப் போனால் அவளுடைய வேலைநேரம் மாறிவிடும். இருவரும் சேர்ந்து கதை பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்க முடியாது. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவுமில்லை.

கூட்டம் குறைந்தது. குச்சி மூன்றாம் மாடியிலேயே இருந்தாள். அப்போதுதான், பரிமாற்றத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் விசாரிக்க வந்தார். காலையில் கிளம்பும்போதே குச்சி, "அக்கா, அந்த மேடம் கேட்டா, நான் கத்துக்கிட்டிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"உன்னப் பத்திச் சொல்ல எனக்குக் கத்துக் குடுக்கிறியா? போடி."

அதிகாரி நாற்காலியில் அமர்ந்து, "பொண்ணு எப்படி?" என்று கேட்டதுதான் தாமதம், அக்காவுக்கு வாய் நிறைந்துவிட்டது.

"இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்ல மேடம். மூணாவது மாடி முழுக்க அவ கையிலதான். ரெண்டு பேர் வேலைய ஒருத்தியா செய்யறா. அவ வந்தப்புறம் அந்த மாடிக்கு நான் ஆளே எடுக்கல. ஏறிப் பாக்கறதுகூட இல்ல, அவ்வளவு நம்பிக்கை!"

"மத்த பிரிவுக்கெல்லாம் அனுப்பினீங்களா?"

"எதுக்கு மேடம்? ராணி மாதிரி எங்கூடவே வச்சிருக்கேன்."

கதவருகே நின்ற குச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருவரைப் புகழ்வதென்றால், அவர் எவ்வளவு உழைக்கிறார் என்று சொல்வதே அக்கா அறிந்த முறை. கற்க வந்தவரைச் சம்பள ஆளின் இடத்தில் நிறுத்தக் கூடாது என்னும் விதி, ஒவ்வோர் ஆண்டும் அவள் காதில் விழுந்ததுதான். ஆனால், ஈவிரக்கமற்ற முதலாளிகளுக்காக எழுதப்பட்ட விதி அது என்று அவள் நினைத்திருந்தாள். தன் பாசத்தின் மீதும் அது பாயும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சில நாளில் முடிவு வந்தது. அந்த விடுதி இனி மாணவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண் நாடு திரும்ப வேண்டும். அதுவரை பெற்ற பயிற்சி, பயிற்சியாகவே கொள்ளப்படாது.

அக்கா அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினாள். "நான் சொன்னதெல்லாம் பொய் மேடம். பெருமைக்கு அளந்துவிட்டேன். அவ எல்லா இடத்துக்கும் போய்க் கத்துக்கிட்டா. என் வாய்தான் கெட்ட வாய்."

அதிகாரி ஒரு குவளைத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கம்மா. அந்தப் பொண்ண நான் தனியாவும் கேட்டேன். 'அக்கா சொன்னது எல்லாம் உண்மை, ஆனா அக்கா ரொம்ப நல்லவங்க'ன்னு சொன்னா. இப்ப நீங்க சொல்றத எடுத்துக்கிட்டா, அவள பொய்க்காரின்னு எழுதணும். எழுதட்டுமா?"

அக்கா தண்ணீரைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

புறப்படும் நாளில், மாடியறையில் பெட்டி திறந்து கிடந்தது. அக்கா துணிகளை மடித்து வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடியும் மடித்தாள். "என்னைய ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போடி" என்றாள்.

"திட்டற வார்த்தை ஒண்ணும் நீங்க சொல்லிக் குடுக்கலையே" என்றாள் குச்சி. சிரிக்கத்தான் முயன்றாள்; வாய் கோணிக்கொண்டது.

விமான நிலையத்துக்குக் கணவர்தான் காரோட்டினார்.

அதன்பின் குச்சி வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்தாள். தன்னுடன் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டதாகவும், இடம் கிடைத்தால் அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றும் கணவரிடம் சொன்னாள். அக்கா ஒருமுறையும் பேசவில்லை. "தூங்கறேன்னு சொல்லுங்க" என்பாள்.

"பட்டப்பகல்ல எத்தனை நாளைக்குத்தான் தூங்குவ?" என்று கேட்ட கணவர், ஒருநாள் தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வந்தார். "அவமேல உனக்கு என்ன கோபம்னு கேக்கறா. அழறா போலிருக்கு. நான் என்ன சொல்லட்டும்?"

அக்கா பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "உம்மேல எனக்கென்னடி கோபம்? எந்த முகத்தோட பேசுவேன்னு இருந்தேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு, "அக்கா, மூணாவது மாடியில இப்போ யாரு?"

"நான்தான்."

முதலாளி அனுப்பிய ஆட்களை, சரியாக விரிக்கத் தெரியவில்லை என்று அவள் திருப்பியனுப்பிக்கொண்டே இருந்தாள்.

"தனியாவா? வேண்டாம் அக்கா. அது ரெண்டு பேர் வேலை. முதுகு நிமிரவே முடியாது. ராத்திரி கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். வெந்நீர்ல வச்சாலும் போகாது."

குச்சியின் குரலில் குறை எதுவுமில்லை. அக்காவைப் பற்றிய கவலை மட்டுமே இருந்தது. மாடியறையில் அவளுக்குக் கால் வலித்த இரவுகள் இருந்திருக்கின்றன என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.